படம் பார்த்த பிறகு?

நமது நாட்டில் இப்பொழுது பெரியவர், சிறியவர், படித்தவர், படியாதவர் என்கின்ற வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் பொதுவான வேலை ஒன்று ஏற்பட்டிருக்கின்றது. அதென்னவென்றால், படம் பார்ப்பதும், பார்த்த படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுவதுமேயாகும். டீக்கடையிலும், பஸ்ஸிலும், கலியாண வீட்டிலும், ஏன், இழவு வீட்டுத் திண்ணையிலுங்கூட இதே பேச்சாயிருக்கக் காண்கின்றோம். ஒரு காலத்தில் கொட்டகைக்குப் போய்க் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினவர்கள்தான் படத்தைப் பற்றிப் பேசினார்கள். 1975-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15ந் தேதி சென்னையில் தொலைக்காட்சி நிலையம் ஏற்பட்டது. 1993-ம் வருஷத்தில் சன் தொலைக்காட்சி வந்தது. 2006-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கமே ஏழைகளுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. இன்றைக்கோ கையிலிருக்கும் போனே கொட்டகையாகிவிட்டது.

இதைத் தப்பென்று சொல்ல நாம் வரவில்லை. பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொள், எதிர்த்துக் கேட்காதே என்று வாய் அடைக்கப்பட்டுக் கிடந்த மக்கள், எந்த விஷயத்திலானாலும் சரி, தங்கள் புத்திக்குப் பட்டதைத் தாங்களே சொல்லத் துணிவது நல்லதேயாகும். ஆனால் அவர்கள் சொல்லுகின்ற அபிப்பிராயம் எப்படிப்பட்டது என்று பார்த்தால்தான் நமக்குக் கவலை உண்டாகின்றது. "முதல் பாதி நன்று, பின் பாதி இழுவை" என்பார்கள். "பாட்டு சுகமில்லை" என்பார்கள். "அந்த நடிகை பிரமாதமாய் அழுதாள்" என்பார்கள். இவையெல்லாம் சாப்பாட்டில் உப்புக் காரம் பார்த்துச் சொல்லுகின்ற அபிப்பிராயங்களே தவிர வேறல்ல. படத்தில் காட்டப்பட்ட கொடுமை நம் வீட்டில் உண்டா இல்லையா, உண்டென்றால் நாம் என்ன செய்யப்போகின்றோம் என்கின்ற அபிப்பிராயத்தைச் சொல்லுகிறவர் நூற்றுக்கு ஒருவர்கூட அகப்படுவதில்லை. சமீபத்தில் நாம் பார்த்தவைகளில் மூன்றைப் பற்றி மாத்திரம் இங்கு எழுதுகின்றோம். இவை நேற்று வந்த படங்களல்ல. என்றாலும் வீட்டுப் பெட்டிக்குப் பழையது புதியது என்கின்ற பேதமில்லாததால் இன்றும் பார்க்கப்பட்டே வருகின்றன.

முதலாவது, 2021-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் வெளிவந்த "தி கிரேட் இந்தியன் கிச்சன்" என்னும் மலையாளப் படமாகும். ஜியோ பேபி என்பவர் எழுதி இயக்கியது. நிமிஷா சஜயனும், சூரஜ் வெஞ்ஞாறமூடும் நடித்தது. 2023-ம் வருஷத்தில் அதே பெயரில் தமிழிலும் எடுக்கப்பட்டு, ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்து வெளிவந்தது. இதில் கொலையில்லை, கொள்ளையில்லை, சண்டையில்லை. நடனம் கற்ற ஒரு பெண் ஒரு பள்ளிக்கூட ஆசிரியருக்கு வாழ்க்கைப்படுகின்றாள். அன்று முதல் அடுப்பு, அம்மி, பாத்திரம், துடைப்பம் இவையே அவள் உலகமாகின்றது. மாமனாருக்குக் குக்கரில் வெந்த சோறு ஆகாது, விறகடுப்பில்தான் வேகவேண்டும். துணியை யந்திரத்தில் போட்டால் கெட்டுவிடும், கையால்தான் துவைக்கவேண்டும். பாத்திரம் கழுவுகின்ற தொட்டியின் குழாய் ஒழுகுகின்றது. ஆள் கூப்பிடுங்கள் என்று பெண் கேட்டுக்கொண்டேயிருக்கின்றாள். புருஷன் காதில் அது ஏறவேயில்லை. வேலைக்கு மனுப் போட வேண்டுமென்றால், வீட்டில் பெண் இருப்பதுதான் குடும்பத்துக்கு ஐசுவரியம் என்று உபதேசம் நடக்கின்றது.

அந்தப் படத்தில் ஒரு காட்சியை நம் வாசகர்கள் கவனிக்கவேண்டும். வீட்டில் ஆண்கள் மென்று துப்பிய சக்கையைத் தட்டுக்கு வெளியே மேஜையின் மேலேயே போட்டுவிட்டு எழுந்து போகின்றார்கள். அதே புருஷன் ஓட்டலுக்குப் போனால் சக்கையைத் தட்டிலேயே ஒதுக்கி வைத்து மரியாதையாய்ச் சாப்பிடுகின்றான். மனைவி இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டியதும் அவனுக்குக் கோபம் பொங்கி, அவளை மன்னிப்புக் கேட்கச் சொல்லுகின்றான். இதிலிருந்து தெரிவது என்ன? மரியாதை அவனுக்குத் தெரியாததல்ல. ஓட்டலில் பரிமாறுகின்றவனும், பக்கத்து மேஜைக்காரனும் தன்னைப் பற்றி ஏதாவது நினைப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வீட்டில் எச்சில் எடுப்பவளுக்கு நினைக்கின்ற உரிமையே இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால்தான் இரண்டிடத்தில் இரண்டு விதமாய் நடக்கின்றான். அதற்கு மேல், புருஷன் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்ட சமயத்தில், மாத விலக்கான அந்தப் பெண் தீட்டென்று ஒதுக்கி வைக்கப்படுகின்றாள். அவள் கையால் மூன்று வேளையும் தின்ற வயிற்றுக்கு இல்லாத தீட்டு, அவள் நிழலில் எங்கிருந்து வந்தது என்று கேட்பாரில்லை.

இந்தப் படத்தைப் பார்த்தவர்களில் ஆண்களே மிகுதியாய்ப் புகழ்ந்தார்கள். "ஆகா, என்ன துணிச்சல்! கண் திறந்தது!" என்றார்கள். கண் திறந்தது வாஸ்தவமாயிருந்தால், அன்று இரவு சாப்பிட்டு எழுந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் தட்டைத் தாங்களே கழுவி வைத்தார்கள் என்று கேட்கின்றோம். மத்திய அரசாங்கம் 2019-ம் வருஷத்தில், மக்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கின்றார்கள் என்று ஒரு கணக்கெடுத்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், கூலியில்லாத வீட்டு வேலை செய்தவர்கள் பெண்களில் 100-க்கு 81 பேர். ஆண்களில் 100-க்கு 26 பேர். அப்படிச் செய்தவர்களிலும் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். அதாவது 100 ஆண்களில் 74 பேர் அன்று வீட்டு வேலையில் கையே வைக்கவில்லை என்று அர்த்தம். இந்தக் கணக்குக்கு முன்னால் "கண் திறந்தது" என்கின்ற பேச்சுக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது? படத்தின் முடிவில் அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியேறிவிடுகின்றாள். புருஷனோ வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு பழைய வழக்கத்தையே நடத்துகின்றான். பார்த்துவிட்டுப் புகழ்ந்து, பிறகு பழையபடியே நடக்கின்றவர்களைப் பற்றித்தான் அந்த முடிவு எழுதப்பட்டதோ என்று நமக்குத் தோன்றுகின்றது.

இரண்டாவது, 2022 முதல் 2024 வரை சன் தொலைக்காட்சியில் நடந்த "எதிர்நீச்சல்" என்னும் தொடராகும். திருச்செல்வம் இயக்கியது. ஒரு வீட்டில் அண்ணன் தம்பிகள் நால்வர். மூத்தவர் ஆதி குணசேகரன் வைத்ததே சட்டம். படித்த பெண்களாகப் பார்த்து மருமகள்களாய்க் கொண்டு வந்து, அவர்கள் படிப்பை அடுப்பில் போட்டுக் கொளுத்துவதே அந்த வீட்டின் கௌரவம். 2023-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 8ந் தேதி காலமான ஜி. மாரிமுத்து அந்த வேஷத்தைத் தாங்கினார். ஆண் என்கின்ற அகம்பாவத்தை ஒளிவு மறைவின்றி உரித்துக் காட்டிய அவரது திறமையை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் பார்த்தவர்கள் செய்ததென்ன? அந்தக் கொடியவன் பெண்களை அதட்டுகின்ற அதட்டலையே வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்தார்கள். சிறு பையன்கள் தங்கள் தாயாரை அந்தக் குரலில் கூப்பிட்டார்கள். தகப்பன்மார் அதைக் கேட்டுப் பூரித்தார்கள். குணசேகரனைப் பார்த்துச் சிரித்திருந்தால் நமக்குச் சந்தோஷமே. குணசேகரனோடு சேர்ந்துகொண்டு மருமகள்களைப் பார்த்தல்லவா சிரித்தார்கள்!

இனி, வீட்டை விட்டு வீதிக்கு வருவோம். மூன்றாவது, மடோன் அஸ்வின் இயக்கி, யோகி பாபு நடித்த "மண்டேலா" என்னும் படமாகும். இரண்டு ஜாதியாராகப் பிரிந்து நிற்கும் ஒரு ஊர். அங்கு முடிதிருத்துகின்ற ஒருவனுக்கு, ஊரார் பெயர் சொல்லிக் கூப்பிடாததால், பெயர் என்பதே இல்லாமற் போய்விட்டது. தபாலாபீசில் கணக்குத் தொடங்கப் போன இடத்தில், அங்கு வேலை பார்க்கும் பெண்தான் அவனுக்கு மண்டேலா என்று பெயர் வைக்கின்றாள். ஊராட்சித் தேர்தலில் இரண்டு பக்கத்து ஓட்டும் சரிசமமாய் நிற்க, அவனுடைய ஒரே ஓட்டு யாரைத் தலைவராக்குவது என்று தீர்மானிக்கின்றது. நேற்று வரை அவனை மனிதனாய் மதியாதவர்கள் அவன் காலைச் சுற்றி வருகின்றார்கள். இந்தப் படம் 2021-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 4ந் தேதி விஜய் தொலைக்காட்சியில்தான் முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஏப்ரல் 6ந் தேதி சட்டசபைத் தேர்தல். ஓட்டின் மதிப்பைச் சொல்லுகின்ற படத்தை ஓட்டுப்போடுவதற்கு இரண்டு நாளைக்கு முன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோமே, அந்த இரண்டு நாளும் பணக் கவர் எப்பொழுது வருமென்று வாசலைப் பார்த்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் மனச்சாட்சியே சொல்லட்டும். இன்னொன்றும் கேட்கின்றோம்: படம் பார்த்துக் கண் கலங்கிய தோழர்களே, உங்கள் ஊரில் முடிதிருத்தும் தோழரின் பெயர் என்ன? துணி வெளுக்கும் தோழரின் பெயர் என்ன? தெரியாதென்றால், நீங்கள் பார்த்தது யோகி பாபுவை மாத்திரமே; மண்டேலாவையல்ல.

நிற்க, இந்த வியாதி இன்று நேற்று வந்ததல்ல. 1949-ம் வருஷத்தில் "வேலைக்காரி"யும், 1952-ம் வருஷத்தில் "பராசக்தி"யும் வந்தபோது ஜனங்கள் வசனத்தை மனப்பாடமாக ஒப்புவித்தார்கள். வசனம் வாயில் இருந்தது. ஆனால் மகனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது ஜாதியும், சீர் வரிசையும், நாள் நட்சத்திரமும் முன்போலவே கேட்கப்பட்டன. அப்படங்களால் பயனில்லை என்பது நம் கருத்தல்ல. விதை நல்லதாயிருந்தாலும் நிலத்தை உழவேண்டியது நிலத்துக்காரனுடைய வேலை என்பதே நம் கருத்து.

இப்படிச் சொன்னால், "கலையைக் கலையாகப் பாருங்கள், பகலெல்லாம் உழைத்தவன் இரண்டு மணி நேரம் பொழுதுபோக்குவதற்கும் உங்கள் கணக்கா?" என்று சிலர் கேட்கின்றார்கள். உழைத்தவன் களிப்பதை நாம் தடுக்கவில்லை. ஆனால் அவன் களிக்கின்ற அந்த இரண்டு மணி நேரமும் அவன் மனைவி எங்கேயிருக்கின்றாள் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லட்டும். பாதிப் படத்தில் எழுந்து போய்த் தோசை வார்க்கின்றவள் அவள்தானே! அவளுக்குப் படத்தின் முடிவைப் பிறகு யாராவது சொன்னால்தான் உண்டு. அவளுடைய அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்? கலையை முழுதாய்ப் பார்க்கின்ற சௌகரியங்கூட ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை என்று இருக்கும்போது, கலையைக் கலையாகப் பார் என்பது உட்கார்ந்திருப்பவனுடைய நியாயமேயல்லாமல் வேறென்ன?

1929-ம் வருஷத்தில் செங்கற்பட்டில் நடந்த மகாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் வந்தது 1989-ம் வருஷத்தில். அறுபது வருஷகாலம் காத்திருக்க நேர்ந்தது. சட்டத்துக்குச் சட்டசபை வேண்டும், மெஜாரிட்டி வேண்டும், காலம் வேண்டும். ஒழுகுகின்ற குழாயைச் சரிசெய்ய எந்தச் சட்டசபை கூடவேண்டும்? தன் எச்சில் தட்டைத் தான் எடுக்க எந்த மசோதா நிறைவேற வேண்டும்? முடிதிருத்தும் தோழரைப் பெயர் சொல்லி மரியாதையாய்க் கூப்பிட எந்தக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லவேண்டும்?

ஆகவே நமது தோழர்களுக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், தாராளமாய்ப் படம் பாருங்கள்; தாராளமாய் அபிப்பிராயமும் சொல்லுங்கள். ஊர்தோறும் உள்ள படிப்பகங்களில் மாதம் ஒரு நாள், பார்த்த படத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் கூட்டுங்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் முதலில் பேசட்டும். அவர்கள் பேசி முடிக்கின்றவரை ஆண்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கட்டும். டீயும் ஆண்களே போடட்டும். பிறகு ஆண்கள் எழுந்து, நடிப்பையும் பாட்டையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால், போன மாதம் பார்த்த படத்தினால் தங்கள் வீட்டில் மாறியது என்ன என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். ஒன்றும் மாறவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும். அதுவும் ஒரு யோக்கியமான அபிப்பிராயமேயாகும்.

"படம் நன்றாயிருந்தது" என்று சொல்லவருகின்ற தோழர் யாராயிருந்தாலும், முதலில் தான் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொல்லட்டும். அந்த அபிப்பிராயத்தைக் கேட்க நாம் எப்பொழுதும் தயாராயிருக்கின்றோம்.