சணற் படகும் நம் தறியும்

சாக்குப் பைக்கு உதவும் சணலால் கடலோடும் படகு கட்டலாம் என்றால் நகைப்பார் உளர். ஆனால் அது செய்து காட்டப்பட்ட காரியம். கொரெந்தான் ட ஷாத்தெல்பெரோன் என்னும் பிரெஞ்சு இளைஞர், வங்காளதேசத்தில் கண்ணாடி இழையோடு சணலையும் சேர்த்துக் கட்டிய 'தாரா தாரி' என்ற சிறு பாய்மரப் படகிலேயே 2010-இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். பின்னர்க் கண்ணாடி இழையை அறவே நீக்கிச் சணலாலேயே மற்றொரு படகு கட்டி, 2013-இல் வங்காள விரிகுடாவில் செலுத்தினார்.

நம் கரைக்கும் இது தொலைவான செய்தியன்று. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடி இழைப் படகுகளே பெரிதும் பிடித்துக்கொண்டன. அவை உறுதியானவை, மறுப்பதற்கில்லை. ஆயின் உடைந்த கட்டுமரம் அடுப்புக்காவது ஆகும்; இவற்றையோ எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மக்குவதில்லை. சணலிழை, அதே கன அளவுள்ள கண்ணாடி இழையின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடே இருக்கும்.

இங்கேதான் நெசவாளர் செவி சாய்க்க வேண்டும். கோணித் துணியை அப்படியே அச்சில் விரித்துப் பிசின் பூசினால் நல்ல படகு ஆகாது. முறுக்கேறிய நூலுக்குள் பிசின் எளிதில் ஊறாது. பாவும் ஊடையும் ஒன்றையொன்று ஏறி இறங்கி வளைவதாலும் இழையின் வலு குன்றும். முறுக்குக் குறைந்த நூல், தட்டையாகக் கிடக்கும் நெசவு, ஈரம் போக உலர்த்திய துணி ஆகியவையே தேவை. பயிரிடுவோர் தண்டை நீரில் ஊறவைக்கும் பக்குவத்திலேயே நாரின் தரம் பாதி தீர்ந்துவிடுகிறது. இவ்விரு கைத்திறனுக்கும் உரிய விலை பேசாமல் நாரை மட்டும் மூட்டையாக விற்றால், லாபம் படகுப் பட்டறைக்கே போகும் என்பது என் அபிப்பிராயம்.

குறைகளையும் மறைத்தலாகாது. சணல் நீரை உறிஞ்சும். ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்தாலும் உள்ளே ஈரம் பரவும். பிசினோ இன்னும் பெரும்பாலும் மண்ணெண்ணெய்க் குடும்பத்துச் சரக்கே. நம் தென்னை நாரைப் பயன்படுத்தலாமே என்பார் சிலர். அதற்கு விறைப்புப் போதாது, அது கயிற்றுக்கே உரியது. புளிச்சை நாரைச் சோதிக்கலாம்.

எடுத்த எடுப்பில் கடல் வேண்டாம். ஒரு சிறு படகுக்குரிய துணியைச் சங்கத் தறியில் நெய்து, ஓராண்டு ஏரியில் மிதக்கவிட்டுப் பார்ப்போம். அதற்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வரும் பொதுக்கூட்டத்தில் வருமாயின், நான் கை உயர்த்துவேன்.