சார்ஜ் ஏறியும் இயங்காத ஸ்கூட்டர்: பழுது பற்றரியிலா, கொள்கையிலா?

2022 ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டது. அடுத்து வந்த கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு 4 லீற்றரே கிடைத்தது. மின்சார ஸ்கூட்டர்கள் மீது பலரது பார்வை திரும்பியது அந்த வரிசைகளில் நின்றபோதுதான். வெளிநாட்டில் தொழில் புரிவோர் சட்டபூர்வ வழியில் அனுப்பும் பணத்தின் அடிப்படையில் மின்சார வாகனங்களை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டு அனுமதிக்கப்பட்டது. வாகனத்தைக் கொண்டுவருவது பற்றிப் பேசிய அளவுக்கு, அது பழுதானால் யார் திருத்துவது என்பது பேசப்படவில்லை.

இரவு முழுவதும் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர், காலையில் சாவியைத் திருப்பினால் மீற்றர் கூட எரியாமல் நிற்கிறது. 'பற்றரி முடிந்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும்' என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. வாகனத்தின் மிக விலையுயர்ந்த பாகம் அதுதான். ஆனால் காரணம் அதைவிடச் சிறியதாகவும் இருக்கலாம்.

முதலில் சார்ஜரின் விளக்கைக் கவனியுங்கள். பொதுவாகச் சிவப்பு, மின் ஏறுவதையும் பச்சை, நிறைந்துவிட்டதையும் காட்டும். வெறுமையான பற்றரியில் மாட்டியவுடனேயே பச்சை எரிந்தால் மின் உள்ளே போகவே இல்லை என்று பொருள். சார்ஜ் செய்யும் துளை, வயர் இணைப்பு, பியூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல ஸ்கூட்டர்களில் இருக்கைக்குக் கீழே ஒரு பிரேக்கர் இருக்கிறது. அது விழுந்திருந்தால் முழு வாகனமும் செயலிழந்துவிடும்.

அடுத்த கட்டம் மல்டிமீற்றர். 48 வோல்ற் லித்தியம் பற்றரி பெரும்பாலும் 13 கலங்களை வரிசையில் கொண்டது. முழுதாக ஏறினால் 54.6 வோல்ற் காட்டும். அந்த அளவு வந்தும் ஸ்கூட்டர் உயிர்பெறவில்லை என்றால் பற்றரியைக் குறைசொல்ல அவசரப்பட வேண்டாம். சாவி சுவிட்ச், வயர், கொன்ட்ரோலர் பக்கம் தேடலாம். எதுவுமே காட்டாவிட்டால், கலங்களைக் காக்கும் மின்னணுப் பலகை மின்னைத் துண்டித்திருக்கக்கூடும். ஈய அமிலப் பற்றரிகள் என்றால், நான்கில் ஒன்று கெட்டாலும் முழுத் தொகுதியும் படுத்துவிடும். பற்றரி வீங்கியிருந்தால், சூடாக இருந்தால், வெள்ளத்தில் நனைந்திருந்தால் மீண்டும் சார்ஜில் போடக்கூடாது. பொதியை வீட்டில் பிரிப்பதும் ஆபத்து.

இந்தச் சோதனைக்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஆனால் பெற்றோல் இயந்திரத்தில் கைதேர்ந்த நமது கராஜ்காரர்களிடம் இந்த வாகனங்களின் மின்சுற்று வரைபடம் இல்லை. உதிரிப்பாகம் முகவரிடம் மட்டும் கிடைத்தால், முகவர் சொல்வதே தீர்ப்பு. அன்றாடக் கூலியில் தவணை கட்டுபவருக்கு அந்தத் தீர்ப்பின் விலை பல மாத வருமானம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பற்றரிச் சட்டம், இத்தகைய இலகு வாகனங்களின் பற்றரியைச் சுயாதீனத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. இது 2027 பெப்ரவரி முதல் பொருந்தும். இலங்கையும் இறக்குமதி அனுமதியோடு சேர்த்து மின்சுற்று வரைபடம், உதிரிப்பாகம், பழைய பற்றரியைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றை நிபந்தனையாக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரிகளில் இதற்கான குறுகியகாலப் பயிற்சிகளைப் பரவலாக்கலாம்.

அது வரை, பற்றரியை மாற்றச் சம்மதிக்கும் முன் ஒரு கேள்வியாவது கேளுங்கள்: 'மீற்றர் வைத்துப் பார்த்தீர்களா, எத்தனை வோல்ற் காட்டியது?'