வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் முன்...

நம்ம கொடுங்கையூர்ல பி.இ. முடிச்சிட்டு வெளிநாட்டுல படிக்கத் தயாராகும் தம்பி, தங்கைகளே!

"கவுன்சலிங் ஃப்ரீ"ன்னு ஏஜென்ட் சொன்னா, அவருக்குக் காசு யார் தர்றாங்கன்னு கேளுங்க. கமிஷன் தரும் பல்கலைக்கழகம்தான் பெரும்பாலும் அவர் லிஸ்ட்ல முதல்ல இருக்கும்.

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ கணக்கில் போடணும் (2024 செப்டம்பர் முதல்). அது ஃபீஸ் இல்ல, மாசாமாசம் நமக்கே திரும்ப வரும்.

அண்ணல் அம்பேத்கர் 1913-ல் கொலம்பியா போனது பரோடா சமஸ்தான உதவித்தொகையில்தான். இன்று ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அவர் பெயரிலேயே தமிழ்நாடு அரசின் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை இருக்கு. முதல்ல அதுக்கு அப்ளை பண்ணுங்க.

ஹார்பர்ல உழைச்சு அப்பா கட்டின வீடு அது. எந்த நாடுன்னு நீங்க முடிவு பண்ணுங்க, கமிஷன் முடிவு பண்ண விடாதீங்க!

பகிருங்கள் உறவுகளே!