தெங்கிலிங் செதிலில் மருந்து இல்லை

மாணவர்களே, ஐரோப்பாவில் தோட்டத்து முள்ளெலிகள் குறைவதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நாம் கவலைப்பட வேண்டியது தெங்கிலிங் எனும் எறும்புண்ணியைப் பற்றி. முள்ளெலியைப் போலவே இதுவும் ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

புலியிடம் அந்த உத்தி பலிக்கும். மனிதனிடம் அதுவே வினையாகிறது. ஓடாமல் சுருண்டு கிடக்கும் விலங்கைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடலாம். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி என்பதால் இழப்பை ஈடுகட்டவும் முடிவதில்லை. 2014இல் இது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2017 முதல் இதன் அனைத்துலக வணிகத்துக்கும் தடை உண்டு.

இறைச்சி மோகத்தோடு, செதிலில் மருந்து உண்டு என்ற நம்பிக்கையும் இதற்குக் காரணம். அந்தச் செதில் வெறும் கெரட்டின். நம் நகமும் முடியும் அதே புரதம்தான். நகத்தைக் கடித்தால் காய்ச்சல் தீருமா?

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் காட்டோரத் தாமானிலும் செம்பனைத் தோட்டத்திலும் தெங்கிலிங்கை முதலில் பார்ப்பவர் அதிகாரி அல்லர், நாம்தான். பார்த்தால் தொடாதீர்கள், நாயைக் கட்டிப் போடுங்கள், பெர்ஹிலித்தானுக்குத் தகவல் கொடுங்கள். படத்தையும் இடத்தையும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். வேட்டைக்காரனும் அதைப் பார்ப்பான்.