செட் என்கிற வசவு

அட்டை, சாக்கு, பிளாஸ்டர்: கலை இயக்குநரைப் பற்றி நம் விமர்சகர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மூன்று வார்த்தைகள்தாம். 1977-இல் ‘16 வயதினிலே’ காமிராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோன நாளிலிருந்து வெளிப்புறம் என்றால் யதார்த்தம், செட் என்றால் பொய் என்று ஒரு சூத்திரம். சிறுபத்திரிகைக்காரர்களும் அதையே ஒப்பிக்கிறோம்.

இவர்களைச் செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போக வேண்டும். ஏழாம் நூற்றாண்டுத் திரௌபதி ரதம் என்ன? ஒரு குடிசை. வேய்ந்த கூரையின் வளைவைப் பார்த்துக் கல்லில் செய்தது. பீம ரதத்தின் வண்டிக்கூட்டுக் கூரையும் மரவேலையின் நகல்தான். அதைப் பொய் என்று யாராவது சொன்னதுண்டா? அசலான மரவீடுகள் மக்கிப்போயின. அவை எப்படி இருந்தன என்பதை இந்தச் ‘செட்’தான் இன்று சொல்கிறது.

கல் நிற்கிறது, செட்டைப் பிரித்துவிடுகிறார்களே என்பார்கள். பிரித்தால் என்ன, படம் நிற்கிறது. 1987-இல் ‘நாயகன்’ படத்துக்காகத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவுக்குள் தாராவியை எழுப்பினார். அதை நிஜத் தாராவி என்றே நம்பிப் பார்த்தவர்கள் அநேகம். சூத்திரம் அங்கேயே செத்துவிட்டது. நாம்தான் இன்னும் சாவோலை வாசிக்கவில்லை.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதல்ல. அவர்களுக்குச் செட் என்றால் கோடிக் கணக்கு. ராஜா ராணிப் படங்களில் பல்லவனுக்கும் பாண்டியனுக்கும் ஒரே வெல்வெட் திரை, ஒரே சிம்மாசனம். (கிரீடம் மட்டும் நடிகரின் சம்பளத்தைப் பொறுத்தது.)

இந்த இரண்டு மடமைகளுக்கும் நடுவில் வேலை செய்தவர் பி. கிருஷ்ணமூர்த்தி. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த தமிழர். அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தது கோடம்பாக்கம் அல்ல, கன்னடத்து ஜி.வி. ஐயர், ‘ஹம்சகீதெ’, 1975. பிறகு ‘ஆதி சங்கராசார்யா’, ‘மத்வாசார்யா’. மலையாளத்தில் 1989-இல் ‘ஒரு வடக்கன் வீரகாதா’வுக்கு உடைகளும் அவருடையவையே. சுவரைத் தீர்மானிப்பவனே துணியையும் தீர்மானித்தால் ஒரு காலம் எப்படித் திரண்டு வருகிறது என்பதை அதில் பார்க்கலாம். தமிழில் ‘பாரதி’க்கு, 2000-இல், தேசிய விருது. அதற்குள் அவர் வேலைக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

2020-இல் அவர் மறைந்தார். ‘பாரதி’யைப் பற்றி நம் வட்டத்தில் நடந்த சர்ச்சையெல்லாம் கவிஞனைப் பற்றியது, நடிகரைப் பற்றியது, வசனத்தைப் பற்றியது. அந்தக் கவிஞன் நடமாடிய அறைகளை யோசித்தவன் ஒருவன் உண்டு என்று எழுதியவர் யார்?