நடைப்பயிற்சியும் கொலஸ்ட்ராலும்: எங்கள் நிலைப்பாடு

“தினமும் நடக்கிறேனே, கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என்று சிலர் கேட்கிறார்கள். “மூன்று மாதம் நடந்தும் கொலஸ்ட்ரால் இறங்கவில்லை, இனி எதற்கு நடப்பது?” என்று வேறு சிலர் சலித்துக்கொள்கிறார்கள். இரு தரப்புக்கும் எங்கள் அமைப்பின் பதில் ஒன்றுதான்: மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், நடையையும் நிறுத்தாதீர்கள். இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு.

உடற்பயிற்சி முதலில் குறைப்பது ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பை. உழைக்கும் தசையின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் லிப்போபுரோட்டீன் லிபேஸ் என்னும் நொதியின் செயல் கூடுகிறது. அது இரத்தத்தில் வரும் ட்ரைகிளிசரைடைப் பிளந்து தசைக்கு எரிபொருளாக்குகிறது. ஆனால் ஒருநாள் பயிற்சியின் இந்தப் பலன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும். அதனால்தான் விடாமல் செய்யச் சொல்கிறோம்.

நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். மெதுவாகவே ஏறும். பல சோதனைகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் சராசரி உயர்வு டெசிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம்தான். அதற்கும் வாரத்துக்கு 120 நிமிடமாவது தேவைப்பட்டது.

கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். கதை வேறு. அதை இரத்தத்திலிருந்து பெரும்பாலும் அகற்றுவது கல்லீரல். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேலை செய்வதும் அங்கேதான். எடை குறையாமல் பயிற்சி மட்டும் செய்தால் எல்.டி.எல். அளவு அதிகம் இறங்காது. பரம்பரையாகவே அது மிகுந்தவர்களுக்கு நடை ஒருபோதும் மருந்துக்கு மாற்றாகாது. ஆனாலும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2002இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. வாரம் சுமார் 32 கிலோமீட்டர் ஓடுவதற்கு ஈடாக உழைத்தவர்களுக்கு எல்.டி.எல். மொத்த அளவு மாறவில்லை. ஆனால் அதில் கூடுதல் தீங்கு செய்வதாகக் கருதப்படும் சிறிய, அடர்ந்த துகள்கள் குறைந்தன. வழக்கமான பரிசோதனைச் சீட்டில் இது தெரியாது. எனவே எல்.டி.எல். என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்து உடற்பயிற்சியை எடைபோடுவது தவறு என்கிறோம்.

நம்மவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். தமிழ்நாடும் இடம்பெற்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் (2014) 72 சதவீதத்தினருக்கு எச்.டி.எல். குறைவாக இருந்தது, எல்.டி.எல். மிகுந்தவர்கள் சுமார் 12 சதவீதம்தான். அதாவது, நடையால் மெதுவாக ஏறும் எச்.டி.எல். குறைவதே இங்கே பரவலான சிக்கல்.

எனவே எங்கள் கோரிக்கைகள் இவை. மருத்துவர்கள் “கொஞ்சம் நடங்க” என்று சொல்லி அனுப்பாமல், வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுத வேண்டும். 150 நிமிட மிதமான பயிற்சி உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. உள்ளாட்சிகள் நடைபாதைகளை ஆக்கிரமிப்பின்றி, இரவில் பெண்களும் அச்சமின்றி நடக்கும் வெளிச்சத்தோடு பராமரிக்க வேண்டும். நெஞ்சுவலி உள்ளவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் கடும் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.