எந்தத் தெரு என்று கேட்கும் அலுவலகம்

ஒன்றிய அலுவலகங்களில் ஊரக வேலைத் திட்டக் கணக்கைக் கணினியில் ஏற்றுவோரில் பலர் ஒப்பந்தப் பணியாளர்கள். குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கிய நம் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. கழுத்துவலி, மணிக்கட்டு மரத்துப்போதல், கண் எரிச்சல் என அவர்கள் படும் பாட்டை நாம் அறிவோம்.

திரையும் நாற்காலியும் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. நாளை வேலை இருக்குமா என்ற அச்சமும், எழுந்து நடக்கக்கூட விடாத நெருக்கடியும் தோளையும் கழுத்தையும் இறுக வைக்கின்றன. "ஊரில் எந்தத் தெரு?" என்று விசாரித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளி உட்காரும் அலுவலகத்தில் அந்த இறுக்கம் இன்னும் கூடுகிறது. உடைந்த நாற்காலியை மாற்றித் தரக் கேட்பதற்கும் வாய் வருவதில்லை.

அரசுப் பணியில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு உள்ளது. முகமை வழியாக ஆளெடுக்கும்போது அது நழுவிவிடுகிறது. ஒப்பந்தப் பணியிலும் இடஒதுக்கீடு, நீண்டநாள் உழைத்தோருக்குப் பணி நிரந்தரம், உயரம் மாற்றும் நாற்காலி, மணிக்கொருமுறை சிறு ஓய்வு, ஆண்டுதோறும் கண் பரிசோதனை ஆகியவற்றை மாவட்ட நிர்வாகமும் அரசும் உறுதிசெய்ய வேண்டும். இவை சலுகைகள் அல்ல. உழைப்பவரின் உரிமை என்றே நாம் கேட்கிறோம்.